ஓட்டிசம் உள்ள பிள்ளை வேலைல நிண்டு பிடிக்க நாங்க என்ன செய்யலாம்

என்ட தம்பிக்கு இப்ப 25 வயசு, ஓட்டிசம் இருக்கு. மூண்டாவது வேலைல நிக்கிறான், ரெண்டு வருஷமும் நாலு மாசமும் ஆச்சு. முதல் வேலை 19 நாள், ரெண்டாவது நாலு மாசம். இதை ஏன் முதல்லயே சொல்லுறன் எண்டா, என்னட்ட வந்து கதைக்கிற அம்மாமார் எல்லாரும் "பிள்ளைக்கு எங்க வேலை எடுக்கலாம்" எண்டுதான் கேக்கிறாங்க, ஆனா எங்கட திருகோணமலை மாதிரி ஊர்ல ஒரு கடைல சேர்த்து விடுறது அவ்வளவு பெரிய காரியமில்ல, மாமாட சிநேகிதர், கோயில் சபைல ஒராள், அப்பாவோட படிச்ச ஒராள், எப்பிடியும் ஆரோ ஒராள் "சரி நாளைக்கு அனுப்பி விடுங்க" எண்டு சொல்லுவார். பிரச்சினை அந்த நாளைக்குப் பிறகுதான் தொடங்குது.

நான் டொக்டரும் இல்ல தெரபிஸ்ட்டும் இல்ல, அக்கா. ரெண்டு தரம் வேலை போனதைப் பக்கத்துல நிண்டு பாத்து, மூண்டாவது தரம் எதெதை மாத்தினம் எண்டதைத்தான் எழுதுறன். (மதியிறுக்கம் எண்ட சொல்லு எனக்குப் பிடிக்கிறதில்ல, இவன்ட மதி ஒண்டும் இறுகல்ல, அதால ஓட்டிசம் எண்டே எழுதுறன்.)

முதல் வேலை உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் குசினி, வெள்ளைக்காரர் வாற சீசன் நேரம், கோப்பை கழுவுறது. இவன் கழுவின கோப்பைல ஒரு பொட்டு எண்ணெய் கண்டுபிடிக்க ஏலாது. ஆனா குசினிக்குள்ள பாட்டு, ஆக்கள் கத்துறது, சட்டி விழுற சத்தம், இண்டைக்கு காலை ஷிப்ட் எண்டா நாளைக்கு ராவு, 19ஆவது நாள் ஆரோ முதுகுல தட்டி "கெதியா கெதியா" எண்டு சொல்ல கைல இருந்த கோப்பையை மெதுவா வச்சிட்டு நடக்கத் தொடங்கினவன் பாலையூற்றுல எங்கட வீட்டு கேட்டடிலதான் வந்து நிண்டவன், கால்ல செருப்பும் இல்ல. ரெண்டாவது ஒரு போட்டோகொப்பி கடை. அது 2022, கரண்ட் வெட்டின காலம், மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். கடைக்காரர் வாசலடில ஒரு சின்ன ஜெனரேட்டரை வச்சு ஓட்டினார், அது ஓடத் தொடங்கினா தம்பி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு றோட்டுல போய் நிப்பான், உள்ளுக்கு சனம் லைன்ல நிக்கும். அவருக்கு அது கள்ளம் அடிக்கிற மாதிரி விளங்கிட்டு. அவர்ல பிழை சொல்ல மாட்டன், நாங்க அவருக்கு ஒண்டுமே சொல்லி வைக்கல்ல.

இப்ப பாருங்க, ரெண்டு இடத்துலயும் வேலைல பிழை வரல்ல. கோப்பையும் சுத்தம், கொப்பியும் சுத்தம். வேலையைச் சுத்தி இருக்கிறதாலதான் வேலை போச்சு. சத்தம், நேரம் மாறுறது, விளங்காத மாதிரி சொல்லுறது, தொடுறது, எவரிட்ட போய் கேக்கிறது எண்டு தெரியாதது. அதால ரெண்டு பக்கமும் வேலை செய்யோணும், பிள்ளைக்கு நல்லா வாற ஒண்டுக்கு மேல வேலையை அமைக்கோணும், சுத்தி இருக்கிறதை ஒண்டொண்டா சரிப்பண்ணோணும்.

முதல்ல ஒரு கொப்பி வாங்குங்க

பிள்ளைட திறமை என்ன எண்டு கேட்டா எல்லா வீட்டுலயும் ரெண்டு பதில்தான். ஒண்டு "அவனுக்கு ஒண்டும் ஏலாது பாவம்", மற்றது "அவன் ஒரு ஜீனியஸ், கம்பியூட்டர்ல எல்லாம் செய்வான்". ரெண்டையும் வச்சுக்கொண்டு எந்த முதலாளியிட்டயும் போக ஏலாது. நாங்க செய்தது ரெண்டு கிழமைக்கு ஒரு கொப்பில அவன் ஆரும் சொல்லாம தானா என்ன செய்யிறான் எண்டு எழுதினது, எத்தனை மணிக்கு தொடங்கினான், எவ்வளவு நேரம் நிப்பாட்டாம செய்தான், எந்தப் பிழையைக் கண்டா அவனால பேசாம இருக்க ஏலாது, அவ்வளவுதான். கெட்டிக்காரன், அமைதியான பிள்ளை எண்டெல்லாம் எழுத வேணாம், செய்யிறதை மட்டும் எழுதுங்க.

எங்கட கொப்பில வந்தது இதுதான்: பிரிட்ஜைத் திறந்தா ஒவ்வொரு சாமான்லயும் திகதி பாக்கிறான். கடைக்குப் போனா தட்டுல பின்னால கிடக்கிற பழைய பால்மா பக்கெட்டை முன்னால இழுத்து வைக்கிறான் (கடைக்காரர் ஏசினாலும்). அம்மா மிளகாய்த்தூள் போத்தலை மஞ்சள் போத்தில் இடத்துல வச்சா சாப்பாட்டுல இருந்து எழும்பிப் போய் மாத்திட்டுத்தான் வந்து இருப்பான். ஒரு நாள் 3 மணித்தியாலம் அப்பாட ஆணிப் பெட்டியை அளவளவா பிரிச்சவன், தேத்தண்ணி வச்சது ஆறிப் போச்சு, பாக்கவேயில்ல.

இதெல்லாத்துக்கும் வீட்டுல நாங்க இவ்வளவு காலமும் ஏசிக்கொண்டு இருந்த நாங்க! "விடடா அதை" எண்டு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பன். அதைத்தான் ஒரு மொத்த வியாபாரக் கடை ஸ்டோர்ஸ்ல சம்பளம் குடுத்து செய்யச் சொல்லுவாங்க எண்டு ஒருத்தருக்கும் தோணல்ல. முதல் வந்த சாமான் முதல் போகோணும், திகதி முடியப் போறது முன்னால நிக்கோணும், கணக்கு தட்டுல இருக்கிறதோட ஒத்துப் போகோணும். சாதாரண பெடியனுக்கு மூண்டு நாள்ல அலுக்கிற வேலை, இவனுக்கு அலுக்காது. அப்பிடி ஒரு ஸ்டோர்ஸ்தான் இப்ப இவன் நிக்கிற மூண்டாவது வேலை.

எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவராது எண்டதையும் சொல்லோணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி நல்லா தைப்பா, ஆனா ஆக்களுக்கு அளவு எடுக்கிறதுக்குத் தொடுறது அவவால ஏலாது, அதால தையல் கடைல அவவுக்கு ஓரம் அடிக்கிறது, பட்டன் ஓட்டை போடுறது மட்டும் எண்டு பேசி எடுத்தவங்க, அளவு மற்ற அக்கா எடுப்பா. இன்னொரு பெடியன், மீன்பிடிக் குடும்பம், மீன் ஏலம் போடுற இடத்துல நிக்கவே ஏலாது, ஆனா வாடில ஒரு மூலைல இருந்து வலை பொத்தச் சொன்னா பின்னேரம் வரைக்கும் இருப்பான், கண்ணு கண்ணா எண்ணி. அதே இடம், அதே முதலாளி, வேலை மட்டும் வேற.

வெளிநாட்டுல இதை எப்பவோ தொடங்கிட்டாங்க. டென்மார்க்ல தோர்கில் சோன எண்டு ஒராள், அவர்ட மகனுக்கு ஓட்டிசம், அவர் 2004ல ஸ்பெஷலிஸ்டர்ன எண்டு ஒரு கம்பெனி தொடங்கி, சொப்ட்வெயார்ல பிழை பிடிக்கிற வேலைக்கு ஓட்டிசம் உள்ள ஆக்களை எடுத்தவர், சின்னப் பிழையும் கண்ணுல படும் எண்டதுக்காக. பிறகு 2013ல எஸ்ஏபி (ஜெர்மன் சொப்ட்வெயார் கம்பெனி) மாதிரி பெரிய கம்பெனியும் இப்பிடி ஆக்களை எடுக்கத் தொடங்கினது. நல்ல விஷயம்தான், ஆனா அதைப் பாத்துப்போட்டு உடன பிள்ளையை கொம்பியூட்டர் கிளாஸுக்கு அனுப்பிடாதீங்க. சொப்ட்வெயார்ல பிழை பிடிக்கிற கண்ணும் பால்மா பக்கெட்ல திகதி பிடிக்கிற கண்ணும் ஒண்டுதான், எங்கட ஊர்ல ரெண்டாவது வேலைதான் கூட இருக்கு.

முதலாளியிட்ட எப்பிடிக் கதைக்கிறது

இன்டர்வியூ வேணாம். இன்டர்வியூல கேக்கிறது எல்லாமே எங்கட பிள்ளைகளுக்கு ஏலாத விஷயம், கண்ணைப் பாத்து கதை, உன்னைப் பத்தி சொல்லு, ஏன் இந்த வேலைக்கு வந்தனீ. தம்பியிட்ட ஏன் வந்தனீ எண்டு கேட்டா "அக்கா கூட்டிக்கொண்டு வந்தா" எண்டுதான் சொல்லுவான், உண்மையும் அதுதானே. அதுக்குப் பதிலா "ஒரு கிழமை செய்ய விட்டுப் பாருங்க" எண்டு கேளுங்க, அந்த ஒரு கிழமைக்கும் காசு பேசுங்க, சும்மா விட வேணாம். நான் போகேக்க போன்ல நாலு போட்டோ கொண்டு போனன், அந்த ஆணிப் பெட்டி பிரிக்க முதல், பிரிச்ச பிறகு, வீட்டு அலமாரி முதல், பிறகு. முதலாளி என்ட கதையைக் கேட்டதை விட அந்தப் போட்டோவைத்தான் கன நேரம் பாத்தவர்.

ஓட்டிசம் எண்டு சொல்லுறதா விடுறதா? இது பிள்ளைட முடிவு, பிள்ளை வளர்ந்த ஆள், முதல்ல அவனிட்ட கேளுங்க. தம்பி "சொல்லு" எண்டான். என்ட அபிப்பிராயம், சொல்லுறது நல்லம், ஆனா அந்தச் சொல்லை மட்டும் சொல்லிட்டு வரக்கூடாது, ஏனெண்டா கேக்கிற ஆளுக்கு அது வருத்தம் மாதிரியோ பைத்தியம் மாதிரியோதான் விளங்கும். சொல்லுக்குப் பிறகு மூண்டு வசனம் வேணும். நான் சொன்னது அப்பிடியே: "இவன் திகதி, கணக்கு பாக்கிறதுல பிழை விடமாட்டான். ஒரே நேரத்துல ரெண்டு வேலை சொன்னா குழம்புவான், எழுதிக் குடுத்தா செய்வான். பெரிய சத்தம் வந்தா காதைப் பொத்துவான், அஞ்சு நிமிஷம் வெளில விட்டா திரும்பி வருவான்." அதுக்கு மேல டொக்டர் சொன்னது, சின்ன வயசுல பேசாம இருந்தது, ஒண்டும் சொல்லல்ல, அது அவருக்குத் தேவையில்ல.

இன்னொண்டு. முதல்ல வீட்டுல நல்லா பழக்கிப்போட்டு பிறகு அனுப்புவம் எண்டு வருஷக் கணக்கா வச்சிருக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. ஓட்டிசத்துல ஒரு இடத்துல படிச்சதை இன்னொரு இடத்துக்குக் கொண்டு போறது லேசில்ல. நான் வீட்டுல மூட்டை வாய் கட்டப் பழக்கினன், வடிவா கட்டுவான், கடைல நூல் வேற நிறம் வேற தடிப்பு, அண்டைக்கு முழுக்க கட்டவே இல்ல. அதால வேலை செய்யிற இடத்துலயே, அந்த நூலாலயே, அந்த மேசைலயே பழக்கிறதுதான் நேரம் மிச்சம். முதல் கிழமை நான் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்துல நிண்டன்.

"கொஞ்சத்தால" எண்டு சொல்லாதீங்க

இதுதான் நான் படிச்சதுலயே பெரிய பாடம், கொஞ்சம் விரிவா எழுதுறன். எங்கட தமிழ்ல வேலை சொல்லுற விதத்தை ஒருக்கா காது குடுத்துக் கேளுங்க. "அதை அங்கால வை", "கொஞ்சம் பாத்து செய்", "கொஞ்சத்தால வாறன்", "பிறகு பாப்பம்". இதுல எங்க, என்ன, எப்ப எண்டு ஒண்டுமே இல்ல, நாங்க முகத்தைப் பாத்து விளங்கிக்கொள்ளுறம். முதல் மாசம் ஸ்டோர்ஸ்ல ஒராள் தம்பியிட்ட "இதுல நில்லு, கொஞ்சத்தால வாறன்" எண்டு சொல்லிட்டு லொறியோட கிண்ணியாவுக்குப் போயிட்டார். ஒண்டரை மணித்தியாலம் அந்த இடத்துலயே நிண்டிருக்கான், சாப்பிடல்ல. மற்ற ஆக்கள் அதைப் பாத்து சிரிச்சது வேற. அவனுக்குச் சொன்னது நில்லு எண்டு, அவன் நிண்டான். இதுல ஆரிட பிழை?

இன்னொரு பகிடி, கஸ்டமர் போகேக்க "அப்ப வாறன் தம்பி" எண்டு சொன்னா இவன் "எத்தனை மணிக்கு?" எண்டு கேப்பான். போறன் எண்டு சொல்லக்கூடாது எண்ட எங்கட பழக்கம் அவனுக்கு 23 வயசுலதான் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்ட விளங்கினது. இப்ப அவனும் சொல்லுறான், சும்மா தண்ணி குடிக்கப் போனாலும் "வாறன்".

2012ல டேமியன் மில்டன் எண்ட ஆய்வாளர், அவரும் ஓட்டிசம் உள்ளவர், ஒரு விஷயம் எழுதினவர், விளங்காமப் போறது ரெண்டு பக்கமும்தான், ஓட்டிசம் உள்ள ஆளுக்கு மற்ற ஆளை விளங்காத மாதிரி மற்ற ஆளுக்கும் இவங்களை விளங்குறதில்ல எண்டு. எனக்கு அது அந்த ஒண்டரை மணித்தியாலக் கதைல நல்லா விளங்கினது. அதால பிள்ளைக்கு மட்டும் பழக்கினா காணாது, சொல்லுற ஆளையும் பழக்கோணும்.

எப்பிடிப் பழக்கினம் எண்டா, ஒரு பேப்பர். அதை லாமினேட் பண்ணி ஸ்டோர்ஸ் கதவுக்குப் பின்னால ஒட்டினம், தம்பிட பொக்கட்லயும் ஒண்டு. இப்பிடித்தான் இருக்கும் (நானா எண்டது ஸ்டோர்ஸ் பாக்கிறவர், அவரைப் பத்திப் பிறகு சொல்லுறன்):

8.30 கதவு திறந்தோண்ண லைட், ஃபேன் போடு.
8.35 ஏ தட்டுல இருந்து தொடங்கி திகதி பார். 30 நாளுக்குள்ள முடியிறதை சிவப்புப் பெட்டில வை.
10.15 தேத்தண்ணி.
10.30 லொறி வந்தா நானா கூப்பிடுவார். லொறி வராட்டி பி தட்டு.
12.30 சாப்பாடு. பின் கதவுப் பக்கம்.
1.15 கணக்குக் கொப்பி.
வேலை முடிஞ்சு செய்ய ஒண்டும் இல்லாட்டி: தூசு தட்டு. தூசும் இல்லாட்டி: நானாட்ட கேள்.

அந்தக் கடைசி வரியைச் சும்மா நினைக்காதீங்க. வேலை முடிஞ்சா அடுத்தது என்ன எண்டு தானா தேடுறதுதான் இவங்களுக்கு சரியான கஷ்டம், முடிச்சிட்டு அப்பிடியே நிப்பாங்க, பாக்கிற ஆளுக்கு அது சோம்பேறித்தனம். போட்டோகொப்பி கடைல அந்தச் சொல்லைத்தான் கேட்டவன். ஒரு வரி எழுதியிருந்தா அது வந்திருக்காது.

எங்கட ஊர் கடைகள்ல இன்னொரு சிக்கல், லொறிக்காரர் சிங்களத்துல சொல்லுவார், முதலாளி தமிழ்ல, பில் இங்கிலீஷ்ல. தம்பிக்கு சிங்களம் விளங்கும், ஆனா கெதியா கதைச்சா இல்ல. அதால சாமான் பேரை விட்டுட்டு நம்பர் போட்டம், ஏ3 எண்டா எல்லா மொழிலயும் ஏ3தான். இப்ப மற்ற பெடியன்களும் அதைத்தான் பாவிக்கிறாங்க, புதுசா வாற ஆளுக்கும் ஒரு நாள்ல பழகலாம் எண்டு முதலாளியே சொல்லுறார்.

ஒராள் வேணும், ஒரே ஒராள்

கடைல எல்லாரும் அன்பா இருந்தா காணும் எண்டு நினைச்சிடாதீங்க. எல்லாரும் அன்பா இருந்து எல்லாரும் வேலை சொன்னா அதுதான் குழப்பம். இவனுக்கு வேலை சொல்லுறதுக்கு ஒராள், பிரச்சினை எண்டா போய்ச் சொல்லுறதுக்கும் அதே ஆள். எங்களுக்குக் கிடைச்சது ஸ்டோர்ஸ் பாக்கிற ஒரு நானா, கிண்ணியாக்காரர், பெருசா ஓட்டிசம் பத்தி ஒண்டும் தெரியாது, ஆனா மனுசர் சொன்னா சொன்னபடி செய்வார், அஞ்சு நிமிஷத்துல வாறன் எண்டா அஞ்சு நிமிஷத்துல வருவார். அப்பிடியான ஆளைத் தேடுங்க, இரக்கப்படுற ஆளைத் தேடாதீங்க, இரக்கப்படுற ஆள் பிள்ளைட வேலையைத் தானே செய்து குடுத்துப்போட்டு பிறகு ஒரு நாள் களைச்சுப் போவார்.

நானாவுக்கும் எனக்கும் ஒரு ஒழுங்கு, ஒவ்வொரு வியாழனும் வாட்ஸ்அப்ல ஒரு வொய்ஸ், ரெண்டு விஷயம் மட்டும், இந்தக் கிழமை என்ன நல்லா போனது, எது இடிச்சது. பிழை நடந்த நேரம் மட்டும் போன் வந்தா வீட்டுல எல்லாருக்கும் அந்த நம்பரைக் கண்டாலே வயிறு கலங்கும், அதால நல்லதையும் சொல்லச் சொல்லி முதல்லயே கேட்டு வச்சன்.

கவுண்டர்ல மட்டும் விடாதீங்க எண்டும் சொன்னன், ஆனா ஒரு நாள் ஆள் இல்லாம விட்டுட்டாங்க. நிலாவெளிப் பக்கம் சில்லறைக் கடை வச்சிருக்கிற ஒராள் வந்து பருப்பைக் கைல எடுத்து "இது நல்லமா தம்பி?" எண்டு கேட்டிருக்கார். தம்பி "போன மாசம் வந்தது நல்லம், இதுல கல்லு கூட" எண்டான். நான் கேள்விப்பட்டோண்ண இதோட வேலை போச்சு எண்டுதான் நினைச்சன். முதலாளி அண்டைக்கு சரியா கோவிச்சவர்தான், ஆனா அந்தக் கஸ்டமர் அதுக்குப் பிறகு எந்த மூட்டை எடுத்தாலும் "அந்தத் தம்பியிட்ட கேளுங்க" எண்டு நிக்கிறாராம். எண்டாலும் நாங்க ஒரு வசனம் பழக்கினம், விலை, தரம் பத்தி ஆர் கேட்டாலும் "முதலாளியிட்ட கேளுங்க". பொய் சொல்லு எண்டு பழக்க ஏலாது, வேற ஆளிட்ட அனுப்பு எண்டு பழக்கலாம்.

பகிடி பண்ணுறது, கடன் கேக்கிறது, இதுவும் நடக்கும். ஒரு பெடியன் மூண்டு மாசம் தம்பியிட்ட சம்பள நாள்ல 500, 1000 எண்டு வாங்கிக்கொண்டு இருந்திருக்கான், "நாங்க சிநேகிதர்தானே" எண்டு சொல்லி. கடைல ஆரும் காசு கேட்டா "அக்காட்ட கேக்கோணும்" எண்ட ஒரு வசனமும், சம்பளம் கைல இல்லாம பேங்க்ல போடுறதும், இந்த ரெண்டாலயும் அது நிண்டது. பொம்பிளைப் பிள்ளை எண்டா இதை விடக் கூடக் கவனம், ஆர் ஆர் அந்த இடத்துல வேலை செய்யிறாங்க, தனிய ஸ்டோர்ஸுக்குள்ள ஆரோட நிக்க வரும், எப்பிடி வீட்ட வாறா, எல்லாம் முதல் நாளுக்கு முதல் பாக்கோணும்.

சத்தம், வெக்கை, போயா, ஹர்த்தால்

சத்தத்துக்கு பெரிய செலவில்ல. வெல்டிங், கிரைண்டர் ஆக்கள் போடுற காது மூடி ஹார்ட்வெயார் கடைல இருக்கு, ஹெட்போன் மாதிரி, லொறி இறக்குற நேரம் மட்டும் போடுவான். பாட்டுக் கேக்கிற இயர்போன் வேணாம், கூப்பிட்டா கேக்காது, ஆக்களுக்கும் பிழையா விளங்கும். தகரக் கூரை எண்டதால ஆனி ஆடில கச்சான் அடிக்கேக்க உள்ளுக்கு அவிஞ்சு போகும், அந்த நேரம் இவனுக்கு சேட் கழுத்து லேபலே குத்துது எண்டு சொல்லுவான், லேபலை வெட்டினம், பழைய கொட்டன் சேட் ரெண்டு கடைக்கு எண்டு ஒதுக்கினம். சின்ன விஷயம் எண்டு விடக்கூடாது, எங்களுக்கு நுளம்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது அவனுக்கு நாள் முழுக்க முள்ளுக்கு மேல இருக்கிற மாதிரி.

சாப்பாடு தனிய, பின் கதவுப் பக்கம். முதல்ல எல்லாரோடயும் இருத்தினாங்க, பாவம் தனிய இருக்கிறான் எண்டு. அந்த முக்கால் மணித்தியாலம் அவனுக்கு ஓய்வு, அதுல ஆக்களோட கதைக்க வேண்டியிருந்தா அதுவும் ஒரு வேலைதான்.

மாற்றம்தான் எமன். ஒரு திங்கக்கிழமை தம்பி போய்க் கதவைத் திறக்க ஏ தட்டு இருந்த இடத்துல சீனி மூட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆக்களை வச்சு எல்லாத்தையும் மாத்திப் போட்டாங்க, இவனுக்குச் சொல்லல்ல. காலைல ஒன்பது மணிக்கு நானா போன் அடிக்கிறார் ஆளைக் காணல்ல எண்டு. நாங்க தேடாத இடமில்ல, கடைசில டச்சு வளைகுடாக் கடற்கரைல மான் ரெண்டு நிண்ட இடத்துல இருந்து மானை எண்ணிக்கொண்டு இருந்தான், ரெண்டுதான், திருப்பித் திருப்பி எண்ணினான். நான் ஒண்டும் கேக்கல்ல, பக்கத்துல இருந்தன், ஒரு மணித்தியாலத்தால வீட்ட போவம் எண்டான். அடுத்த நாள் நானா புதுத் தட்டை போட்டோ எடுத்து நம்பர் போட்டு அனுப்பினார், அதை ராவு முழுக்கப் பாத்துப்போட்டு காலைல போய் எல்லாரையும் விடக் கெதியா சாமான் எடுத்துக் குடுத்தான். அண்டைல இருந்து சட்டம், எது மாறினாலும் முதல் நாளே போட்டோவோட சொல்லோணும்.

முன்கூட்டித் தெரியிற மாற்றம் எல்லாத்தையும் கலண்டர்ல போடுங்க. போயா (பௌர்ணமி லீவு), தைப்பொங்கல், நோன்பு மாசத்துல எங்கட முதலாளிட கடை நேரம் மாறும், அதை நோன்புக்கு ஒரு கிழமைக்கு முதலே நானாட்ட கேட்டு எழுதுவம். கார்த்திகை மார்கழி மழைக்கு சைக்கிள் இல்ல, ஆட்டோ, எந்த ஆட்டோ எண்டும் முடிவு. ஹர்த்தால், கரண்ட் இல்ல, ஆரோ மோசம் போய்ட்டாங்க, இதுகளுக்கு முதல்ல சொல்ல ஏலாதுதான், அதுக்கு ஒரு வசனம் வச்சிருக்கிறம்: "திடீர் நாள்". திடீர் நாள் எண்டா நேரா வீட்ட வா, சம்பளம் பத்தி அக்கா கதைப்பா. பேர் வச்சா பயம் குறையுது, ஏனெண்டு கேட்டா எனக்குத் தெரியா, ஆனா குறையுது.

வீட்டுல செய்ய வேண்டியது

வேலையால வந்தோண்ண "இண்டைக்கு என்ன நடந்தது" எண்டு கேக்காதீங்க. நாள் முழுக்க சாதாரண ஆள் மாதிரி இருக்கிறதுக்கு அவங்க படுற பாடு வெளில தெரியாது, கையை ஆட்டாம, சத்தத்தைத் தாங்கிக்கொண்டு, ஆக்கள் சிரிச்சா தானும் சிரிச்சு. வீட்ட வந்து லைட் அணைச்சு ஃபேனுக்குக் கீழ ஒரு மணித்தியாலம் படுக்கிறது சோம்பலில்ல. அம்மா முதல்ல கதவைத் தட்டித் தட்டிக் கேப்பா, நான் சண்டை பிடிச்சுத்தான் நிப்பாட்டினது. ஞாயிறு ரெண்டு கலியாண வீட்டுக்கு இழுத்துக்கொண்டு திரிஞ்சா திங்கள் வேலைல பிழை வரும், நாங்க கணக்குப் பாத்துக் கண்டுபிடிச்சது. சொந்தக்காரர் கோவிச்சாலும் கோவிக்கட்டும்.

கவனிக்க வேண்டிய ஒண்டு, நல்லா செய்துகொண்டு இருந்த பிள்ளை திடீரெண்டு சாப்பிடாம, கதைக்காம, தெரிஞ்ச வேலையே மறந்த மாதிரி வந்தா அது பிடிவாதமில்ல, களைச்சு விழுந்துட்டான் எண்டு அர்த்தம். அந்த நேரம் வேலையை விடச் சொல்லாம மணித்தியாலத்தைக் குறைக்கக் கேளுங்க. எங்களுக்கு எட்டாம் மாசம் அது வந்தது, மூண்டு கிழமை அரை நாள் போனான், பிறகு முழு நாள்.

சம்பளம், சட்டம்

எங்கட பிள்ளையை எடுத்ததே பெரிய உதவி எண்டு சம்பளம் கேக்க வெக்கப்படுறவங்க இருக்கிறாங்க. உதவி இல்ல, வேலை செய்யிறான். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல்ல 27,000 ரூபா, 2026 ஜனவரில இருந்து 30,000. ஈபிஎஃப்க்கு (ஊழியர் சேமலாப நிதி) ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளி மட்டும். வேலைல சேர்ந்து நல்லா செய்யிறான் எண்டு தெரிஞ்ச பிறகு இதைக் கேளுங்க, முதல் கிழமையே கேட்டு சண்டை பிடிக்க வேணாம், ஆனா ஒரு வருஷம் விடவும் வேணாம்.

1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகள்ட உரிமைகளைப் பாதுகாக்கிறது, வேலைக்கு எடுக்கேக்க குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாரபட்சம் பாக்கக்கூடாது எண்டு அதுல இருக்கு. அரசாங்க வேலைல 3 வீதம் ஒதுக்கச் சொல்லி 1988லயே சுற்றறிக்கை வந்தது. மாற்றுத்திறனாளிகள்ட உரிமை பத்தின ஐநா சாசனத்தை இலங்கை 2016ல ஏற்றுக்கொண்டது, அதுல 27ஆவது பிரிவு வேலை பத்தினது. இதைக் கொண்டு போய் கடை முதலாளிட மூஞ்சில வீச வேணாம், வீசினா வேலையும் போகும் மரியாதையும் போகும். ஆனா பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரிட்ட பதிஞ்சு வைங்க, மருத்துவ அறிக்கை ஒரு கொப்பி வீட்டுல இருக்கட்டும். கையால செய்யிற தொழில் எண்டா தொழிற்பயிற்சி அதிகார சபைட என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்க ஏலுமா எண்டு பாருங்க, அடுத்த இடத்துக்குப் போகேக்க அந்தப் பேப்பர் எங்களுக்குப் பதிலா கதைக்கும்.

நாங்க விலகிறது

முதல் கிழமை முழு நாளும் நிண்டன், ரெண்டாவது கிழமை காலைல மட்டும், பிறகு சாப்பாட்டு நேரம் ஒருக்கா எட்டிப் பாத்தன், மூண்டாம் மாசத்துல இருந்து வியாழக்கிழமை வொய்ஸ் மட்டும். இதை நாள் குறிச்சு செய்யுங்க, இல்லாட்டி நாங்களே கடைல ஒரு கதிரை மாதிரி ஆகிடுவம், ஆக்கள் பிள்ளையிட்ட சொல்லுறதை விட்டுட்டு எங்களிட்ட சொல்லத் தொடங்குவாங்க. அதே நேரம் சுத்தமா விட்டுடவும் வேணாம். வேலை போறது கூடுதலா மூண்டு நேரத்துலதான், ஆள் மாறேக்க, இடம் மாறேக்க, பிள்ளைக்குப் பதவி உயர்வு எண்டு ஆக்களை மேய்க்க விடேக்க. மூண்டாவதை முதலாளி ஒருக்கா கேட்டவர், நானும் தம்பியும் வேணாம் எண்டிட்டம், சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க வேலையை மாத்தாதீங்க எண்டு.

இப்ப ஆள் மாறப் போகுது. நானா வாற மாசம் கட்டாருக்குப் போறார், மருமகன் கூப்பிட்டிருக்கார். கேள்விப்பட்ட அண்டைக்கு எனக்கு நித்திரை இல்ல. நானாதான் சொன்னவர், "பயப்பிடாதீங்க தங்கச்சி, போறதுக்கு ஒரு மாசத்துக்கு முதலே புதுப் பெடியனை என்ட பக்கத்துல நிப்பாட்டுறன், முதல் ரெண்டு கிழமை நான் சொல்லுவன் அவன் பாப்பான், பிறகு ரெண்டு கிழமை அவன் சொல்லுவான் நான் பாப்பன்." போன திங்கள் அதைத் தொடங்கினாங்க. அந்தப் பேப்பரை புதுசா அடிச்சு லாமினேட் பண்ண எடுக்கேக்கதான் பாத்தன், தம்பி கீழ நீலப் பேனையால ரெண்டு வரி எழுதியிருக்கான்: "தேத்தண்ணிக்கு ரெண்டு சீனி. கொஞ்சத்தால எண்டு சொல்ல வேணாம், நேரம் சொல்லவும்."